சில அறிஞர்கள் கருதுவர்

பைபிளை நான் முதலிலிருந்து கடைசி வரை படித்தவள் இல்லை. பைபிளைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதியதைத்தான் வருடக்கணக்கில் தட்டச்சு செய்துவருகிறேன். சாப்பாட்டை வாயில் வைக்காமல் சமையல் குறிப்பை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கோயிலுக்குப் போகிற வழியில் ஆதார் அட்டையை நீட்டி, "அக்கா, ரெண்டு பக்கமும் ஒரே பேப்பர்ல வரணும்" என்பவர்கள்தான் அன்றாட வாடிக்கை. நான் பத்தாவதோடு நின்றவள். டைப்ரைட்டிங் லோயர் முடித்தேன். மற்றதெல்லாம் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டது. "இவளுக்குப் படிப்பு விரலுக்கு ஏறியிருக்கு, தலைக்கு இன்னும் போய்ச் சேரல" என்பார் எங்கள் வீட்டுக்காரர். நானும் சிரித்துக்கொள்வேன். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

பக்கத்து மாவட்டத்து நகரத்தில் இறையியல் கல்லூரிகள் இரண்டு இருக்கின்றன. பாதிரியார் ஆகப்போகிறவர்கள் படிக்கிற இடம். இரண்டிலும் தமிழிலேயே ஆய்வேடு எழுத விடுவார்கள். நம் மாவட்டத்திலிருந்து அங்கே போன ஒரு தம்பி முதலில் வந்தார். ஒற்று தவறாமல் அடித்துக் கொடுத்தேன். அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி இன்னொருவர் என்று வர ஆரம்பித்தார்கள். அம்மன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பேதுருவையும் பவுலையும் அடித்துக்கொண்டிருப்பேன்.

அப்படி அடித்ததில் ஒன்று கண்ணில் பட்டது. வசனம் ஒன்றுதான், பேதுருவும் ஒருவர்தான். ஒரு கல்லூரிக்காரர் எழுதினால் அங்கே சபைத் தலைமை, அதிகாரம், மேய்ப்பரின் பொறுப்பு என்று வரும். இன்னொரு கல்லூரிக்காரர் எழுதினால் அதே இடத்தில் உழைக்கும் மக்கள், வரி, ரோமப் பேரரசு என்று வரும். ஒரு நாள் ஒரு தம்பியிடம் கேட்டே விட்டேன்.

"ஏந்தம்பி, ஒங்க பேதுரு அந்தக் காலேஜுக்குப் போனா ஆளே மாறிடுறாரே?"

"அது மெத்தடாலஜிக்கா."

"மெத்தடாலஜின்னா?"

தம்பி கொஞ்சம் யோசித்தார். "கைடு எதை ஒத்துக்குவாரோ, அது" என்று சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று வாசலைப் பார்த்தார்.

இந்த மாதிரிப் பேச்சென்றால் எனக்கு உயிர். ஆயிரம் பக்கம் அடித்தாலும் மனதில் நிற்காது. அடித்ததை வாங்கிப்போக வந்த நேரத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொன்ன ஒரு வார்த்தை வருடக்கணக்கில் நிற்கும்.

இரண்டு கல்லூரிக்கும் பொதுவாக ஒரு வரி உண்டு. 'சில அறிஞர்கள் கருதுவர்.' ஆதாரப் புத்தகம் கையில் இருந்தால் இன்னார் இன்ன பக்கத்தில் சொல்கிறார் என்று அடிக்குறிப்பு போடுவார்கள். புத்தகம் கிடைக்காத இடத்தில், பக்க எண்ணைத் தொலைத்த இடத்தில், இந்த வரி வந்து கை கொடுக்கும். அடிக்கடி வருகிறதே என்று அதற்குக் குறுக்குவழி செய்து வைத்திருந்தேன். மூன்று எழுத்தைத் தட்டினால் போதும், முழு வரியும் வந்து விழும். அந்த மூன்று எழுத்தால் ஒரு பெண்ணின் படிப்பையே கவிழ்க்கப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தத் தங்கச்சி ஆலங்குடிப் பக்கத்து ஊர்க்காரி. பெரிய தோள்பை, சின்ன உருவம். பை நடந்து வருகிற மாதிரித்தான் தெரியும். அவளைப் படிக்க அனுப்பியது அவர்களுடைய திருச்சபை. முடித்து வந்தால் ஒரு சபைப் பொறுப்பு தருவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. தலைப்பை மாற்றச் சொன்னதில் இன்னொரு வருடம் போயிற்று.

"இந்த வருசம்தான் கடைசிக்கா. இப்ப முடிக்கலன்னா அனுப்பினவங்க கையக் கழுவிடுவாங்க. பொறுப்பு வேற ஆளுக்குப் போயிரும். நான் ஊர்ல போயி மாடு மேய்க்க வேண்டியதுதான்."

"மாடு இருக்கா?"

"அதுவும் இல்லக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பேனாவைத் திருப்பித் திருப்பி மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் எடுத்துக்கொண்டது யோவான் எழுதின சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம். இயேசு உயிர்த்தெழுந்த பிறகு நடக்கிற கதை. சீடர்கள் மீன்பிடிக்கப் போகிறார்கள், ஒன்றும் சிக்கவில்லை. விடிகிற நேரத்தில் கரையில் ஒருவர் நிற்கிறார். வலதுபக்கம் வலையைப் போடச் சொல்கிறார், வலை நிறைகிறது. "அவர் கர்த்தர்" என்று ஒரு சீடன் சொன்னதும், வெற்றுடம்போடு இருந்த பேதுரு மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு கடலில் குதிக்கிறார். கரையில் கரிநெருப்பில் மீனும், கூடவே அப்பமும் இருக்கின்றன. எல்லோரும் சாப்பிட்ட பிறகு இயேசு பேதுருவிடம், "என்னிடம் அன்பாயிருக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்கிறார். இதற்குச் சில நாள் முன்புதான், இயேசுவைப் பிடித்துக்கொண்டு போனபோது, "அந்த மனுஷனை எனக்குத் தெரியாது" என்று மூன்று முறை சொன்னவர் இந்தப் பேதுரு.

தண்ணீரில் குதிக்கிறவன் சட்டையைக் கழற்றுவான், இவர் ஏன் போட்டுக்கொண்டார்? தங்கச்சி மாட்டிக்கொண்ட இடம் இதுதான். மரியாதைக்காக என்று ஒரு கட்சி. ஞானஸ்நானத்துக்கு அடையாளம் என்று ஒரு கட்சி. கிரேக்கச் சொல்லுக்கு இடுப்பில் இறுக்கிக் கட்டினார் என்றுதான் பொருள் என்று இன்னொரு கட்சி. நாலு பக்கம் ஓடியது. ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். கடைசியில் அவளே எனக்கு முன்னால் உட்கார்ந்து, "இவ்வளவும் படிச்சப்புறமும் அந்த மனுசன் ஏன் சட்டையப் போட்டாருன்னு எனக்குப் புரியலக்கா" என்றாள்.

அந்த வருடம் கல்லூரியில் புதிதாக ஒரு விதி கொண்டுவந்திருந்தார்கள். ஒரு சாப்டர் கள ஆய்வாக இருக்க வேண்டுமாம். மீன்பிடி வசனம்தானே என்று அவள் ஜெகதாப்பட்டினத்துச் சபைப் பெண்களிடம் போய்ப் பேசி, போனில் பதிவு செய்துகொண்டு வந்தாள். கேட்டால் பாதிக்கு மேல் காற்றுச் சத்தம். மறுபடி போக வேண்டும், துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. பேச்சு கேட்கிற ஆசை வேறு. கிளம்பிவிட்டேன்.

அறந்தாங்கி பஸ்ஸில் நிற்கத்தான் இடம். அவள் கையில் பைபிளைப் பார்த்துவிட்டு கண்டக்டர், "சிஸ்டர், அறந்தாங்கி வரைக்கும் நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணுங்க, அங்க பாதி பஸ்ஸு இறங்கிரும்" என்றார். அது பலித்தது. அங்கே பஸ் மாறி, உட்கார்ந்துகொண்டே ஜெகதாப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம்.

ஆராதனை முடிந்து பெண்கள் சிலர் சபைக் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஐஸ் பிளான்ட்டின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. கொட்டகை வாசற்படியில் முக்காடு போட்ட ஒரு பாய் வீட்டம்மா, இவர்களோடு மீன் வியாபாரம் செய்கிறவர், தோழிக்காகக் காத்திருந்தார். உள்ளே கூப்பிட்டதற்கு, "இருக்கட்டும், எங்க கிதாபுலயும் ஒங்க இயேசு நபிதான். கதையச் சொல்லுங்க, இங்கிட்டு இருந்தே கேக்குறேன்" என்றார்.

தங்கச்சி வாசித்தாள். எனக்கு அது அதிசயமாக இருந்தது. அத்தனை அத்தியாயம் அடித்திருக்கிறேன், கதையாக அது இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சட்டை வந்ததும் பெரியம்மா ஒருவர் சிரித்துவிட்டார். "சட்டையப் போட்டுக்கிட்டா குதிச்சாரு? நம்மாளுக இருக்கறதையும் அவுத்துப் போட்டுட்டுல குதிப்பானுக!"

கொட்டகையே சிரித்தது. பாய் வீட்டம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்.

"போடுவாங்க."

எல்லோரும் திரும்பினோம். சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. நாற்பதுக்கு மேல் இருக்கும். அவர் வீட்டுக்காரர் விசைப்படகு ஓட்டுகிற டிரைவர். எல்லை தாண்டியதாக இலங்கை நேவி பிடித்துப் போய், மாதக்கணக்கில் அங்கே சிறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர்.

"கடல்ல ஒருத்தர் மேலயும் சட்டை இருக்காது சிஸ்டர். உப்பும் வேர்வையும் சேந்து அரிச்சு எடுத்துரும். ஆனா தூரத்துல நேவி படகு தெரிஞ்சுச்சுன்னு வைங்க, மொதல்ல சட்டையத்தான் தேடுவாங்க. அதுலதான் மீனவர் கார்டு இருக்கும், பிளாஸ்டிக் கவர்ல சுத்தி. பேரு கேக்கப் போறாங்க, ஊரு கேக்கப் போறாங்க, வரிசையா உக்கார வச்சு போட்டோ எடுக்கப் போறாங்க. வெறும் ஒடம்போட போயி நிக்க முடியுமா?"

பெரியம்மா சிரிப்பை விட்டுவிட்டு அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரரு போட்டோ வாட்சப்புல வந்துச்சு. கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு உக்காந்திருந்தாரு. கல்யாணத்தன்னைக்குக்கூட அந்தப் பட்டனப் போடாத மனுசன். பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு, அவங்க வர்றத முன்னாடியே பாத்துட்டாருன்னு."

"அப்ப பேதுரு?" என்றாள் தங்கச்சி.

"அவரு தெரியாதுன்னு சொன்னவருல்ல? கரையில நிக்கிறது யாருன்னு தெரிஞ்சதும் கேள்வி வரப்போகுதுன்னும் தெரிஞ்சு போச்சு. சட்டையப் போட்டாரு. மத்தவங்களுக்கு முன்னால நாம போயிருவோம்னு குதிச்சாரு. டிரைவருக அப்படித்தான். 'நான்தான் ஓட்டினேன், மத்தவங்கள விட்டுருங்க'ன்னு மொதல்ல எந்திரிப்பாங்க."

பதிவு ஓடிக்கொண்டிருந்த போனைத் தங்கச்சி அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள். பிறகு அவரே தொடர்ந்தார்.

"ஆனா பாருங்க, இங்க கேக்குறவரு அடுப்ப மூட்டி மீனச் சுட்டு வச்சிருக்காரு. மொதல்ல சாப்பிடச் சொல்றாரு. அப்புறந்தான் கேக்குறாரு. மூணு தடவையும் கேக்குறாரு, விடல. ஆனா பசியாற வச்சிட்டுக் கேக்குறாரு. அப்படி ஒரு விசாரணை எங்களுக்கு யாரு பண்ணியிருக்கா?"

"சரியாத்தான் சொல்றா" என்றார் வாசற்படியில் இருந்தவர்.

கிளம்பும்போது அந்த அம்மா தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதெல்லாம் ஒங்க புத்தகத்துல வருமா சிஸ்டர்?"

"கண்டிப்பா வரும்மா."

"பேரு வேணாம், கேஸு இன்னும் முடியல. ஜெகதாப்பட்டினத்துப் பொம்பள ஒருத்தி சொன்னான்னு போடுங்க. அது போதும்."

திரும்பி வந்து அந்தப் பேச்சை அப்படியே எழுதினாள் தங்கச்சி. நான் அடித்தேன். அந்தச் சாப்டரை அடித்தபோது எனக்கு விரல் வலி தெரியவில்லை. கைடாக இருந்த பேராசிரியருக்கு அனுப்பினாள். பத்து நாளில் வந்தது. அந்தப் பத்தியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில்: 'யார் கருத்து? ஆதாரம்? இது அனுபவப் பகிர்வு, பொருள்கோள் அன்று. நீக்குக.'

கைடு கெட்ட மனிதர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். இவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேரில் போய்ப் பார்த்தவர். இவள் போய் வாதாடியபோது உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துத்தான் பேசியிருக்கிறார்.

"ஏம்மா, பேதுரு வலை போட்ட கலிலேயாவுல நேவி இருந்துச்சா? இன்னைக்கு நீ ஒரு மீனவப் பெண் சொன்னதக் கொண்டு வர்ற. நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஒருத்தன் வந்து, கர்த்தர் எனக்குக் கனவுல அர்த்தம் சொன்னாருன்னு எழுதுவான். அவன எதை வச்சு நான் தடுப்பேன்? அதுக்குத்தானே இந்த முறை, இந்த ஆதாரம் எல்லாம்?"

அவர் சொன்னதை எங்கள் முன்னறையில் அப்படியே சொல்லிக் காட்டினாள். "அவரு சொல்றதுல தப்பு இல்லக்கா. அதான் கஷ்டமா இருக்கு" என்றாள். களப் பேச்சைப் பின்னிணைப்பில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாள். பக்கம் ஏற்கெனவே கூடிவிட்டது என்றாராம். பெண்கள் எத்தனை பேர், எந்த ஊர், என்னென்ன கேள்வி என்கிற அட்டவணை மட்டும் போதுமாம், கள ஆய்வு விதிக்கு அது சரியாகிவிடுமாம்.

கடைசிப் பிரதி கைடு கைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அன்று அவள் அம்மாவுக்கு மறுபடி முடியாமல் போய், ஊரில் இருந்தாள். போனில் சொன்னாள்: "அந்தப் பத்திய எடுத்துடுங்கக்கா. மெயில்ல ஐயாவுக்கு நீங்களே அனுப்பிடுங்க."

பத்தியைக் கருப்பாக்கி, அழிக்கிற பட்டன்மேல் விரலை வைத்தேன். அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது கண்ணுக்கு முன்னால் நின்றது. இத்தனை வருடம் இந்தக் கல்லூரிகளுக்கு அடித்திருக்கிறேன். அவர்களுக்கு எந்த உடுப்பில் வந்தால் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? இப்படி அடித்தேன்: 'பேதுரு மேற்சட்டை அணிந்தது விசாரணையை எதிர்நோக்கும் ஒருவரின் செயல் என்றும், உணவளித்தபின் நிகழும் மும்முறை வினவல் விசாரணையின் இயல்பையே மாற்றியமைக்கிறது என்றும்...' அந்த மூன்று எழுத்தைத் தட்டினேன். 'சில அறிஞர்கள் கருதுவர்' வந்து விழுந்தது. அந்தம்மாவையும் அறிஞர் வரிசையில் சேர்த்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு சிரிப்பு வேறு. அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

மூன்றாம் நாள், கைடு திருத்தி ஒப்புதல் கொடுத்த பிரதியோடு தங்கச்சி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஓகே சொல்லிட்டாருக்கா! நாளைக்கு பைண்டிங் போட்டுக் கொடுத்துட்டா முடிஞ்சுச்சு." பக்கத்தைப் புரட்டியவள் ஓரிடத்தில் நின்றாள். அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக். கீழே 'நன்று' என்று எழுதியிருந்தது.

படித்தாள். மறுபடி படித்தாள்.

"யாருக்கா இந்தச் சில அறிஞர்கள்?"

நான் சொன்னேன்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? இது என் படிப்புக்கா. ஒங்க கடை நோட்டீஸ் இல்ல."

"அவரே நல்லாருக்குன்னு டிக் போட்டிருக்காரேம்மா..."

"யாரு சொன்னதுன்னு தெரியாமப் போட்டிருக்காரு! இதையே அந்தம்மா சொன்னப்ப நீக்குன்னாரு. இப்பப் போயி ஐயா, அது வேற யாருமில்ல, அதே அம்மாதான்னு சொல்லச் சொல்றீங்களா? மோசடின்னுவாங்க. ஒரே வார்த்தையில தூக்கிருவாங்க."

"அப்ப அந்த வரிய இப்ப எடுத்துரலாம்."

"ஒப்புதல் கொடுத்த பிரதியில ஒரு வரி கொறஞ்சா ஏன்னு கேப்பாரு. கடைசித் தேதி நாளைக்கு."

ஊரில் எல்லோருக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் நான். அன்று ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டே நின்றேன். கடைசியில் அவள், "அப்படியே இருக்கட்டும். பிரிண்ட் போடுங்க" என்றாள். பிரதிகளைப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்கிற "வாரேன்க்கா"கூடச் சொல்லாமல் போனாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அவள் எண்ணிலிருந்து போன் வந்தால் கடைசி மணி வரை அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். அவள் சபைப் பொறுப்பு போய்விட்டால் அதற்கு நான்தான் காரணம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு வரிதானே, யாரு கவனிக்கப் போறா?" என்றார். அந்தக் கல்லூரிகளில் கமா போட்ட இடத்தைக் கவனிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது.

வைவா அன்று அவளைக் கேட்காமலேயே கூடப் போனேன். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் தேர்வு அறைக்குள் போக, நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கைடு அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார். "நீங்கதான் டைப் பண்றவங்களா? பிழையே இல்லைங்க. ரொம்ப சுத்தம்."

"ஐயாவோட ஆசீர்வாதம்" என்றேன்.

"கடைசி சாப்டர்ல அந்த மேற்சட்டை விளக்கம்! நான் இத்தன வருசம் பாடம் எடுக்கறேன், இப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்ல. எங்கேர்ந்து பிடிச்சுச்சோ இந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். ஐயா, நீங்கள் சிவப்பு வட்டம் போட்டது இதற்குத்தான் என்று இரண்டு வாக்கியம். சொல்லவில்லை. அவள் உள்ளே இருக்கும்போது நான் வாயைத் திறந்தால் அவளுக்கு என்ன ஆகுமோ என்கிற பயம். எனக்கு அவமானமாகுமே என்கிற பயமும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"பாஸ் பண்ணிட்டாங்கக்கா."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"வெளியூர்லேர்ந்து தேர்வு நடத்த வந்த புரொபசரம்மா நல்லாப் பேசினாங்க. அந்த வரிக்கு வந்ததும், எந்த அறிஞர்னு கேட்டாங்க. ஞாபகம் இல்லைன்னேன். எந்தப் புத்தகத்துல பாத்தீங்கன்னாங்க. தெரியலன்னேன். அப்புறம் பேனாவக் கீழ வச்சிட்டு மெதுவா, யாராவது ஒங்ககிட்ட சொன்னாங்களா, பயப்படாமச் சொல்லுங்கன்னாங்க." பை வாரைக் கையில் சுற்றினாள். "இல்லம்மா, யாரும் சொல்லலன்னுட்டேன்."

நான் அவள் கையைத் தொட்டேன். இழுத்துக்கொண்டாள்.

"அவங்க கேட்ட விதத்தப் பாத்தா, சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்களோ என்னவோ. எனக்குத் தெரியல. எதிர்ல ஐயா உக்காந்திருந்தாரு. வாய்க்கு வரல."

தீர்ப்பு இதுதான்: ஆய்வேடு ஏற்கப்பட்டது, ஆதாரமில்லாத அந்த ஒரு வாக்கியத்தை நீக்கி, அன்று மாலைக்குள் திருத்திய பிரதி கொடுக்க வேண்டும். புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். பென் டிரைவைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"நானே எடுத்துடறேம்மா. போட்டவ நான்தானே."

"வேணாம், தள்ளுங்க."

அவளே உட்கார்ந்து, வரியைக் கருப்பாக்கி, அழித்தாள். கீழே இருந்த பத்தி மேலே ஏறி இடைவெளியை மூடிக்கொண்டது. அங்கே ஒன்று இருந்ததென்று இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பஸ்ஸில் வெகுதூரம் வந்த பிறகு பேசினாள். "ஒங்க மேல கோவம் இருந்துச்சுக்கா. யோசிச்சுப் பாத்தா, நீங்க ஒரு வரிதான் அப்படிப் போட்டீங்க. நான் அங்க சேந்த நாள்லேர்ந்து அப்படித்தான் எழுதிக்கிட்டிருக்கேன். எங்கம்மா ஜெபத்துல சொன்னத, நானா யோசிச்சத எல்லாம் சில அறிஞர்கள் பேருலதான் எழுதியிருக்கேன். நான்னு எழுதினா அங்க வட்டம் போடுவாங்க."

ஒரு வாரம் கழித்து ஸ்வீட் டப்பாவோடு கடைக்கு வந்தாள். சபைப் பொறுப்பு உறுதியாகிவிட்டது, உள்நாட்டுப் பக்கம் ஓர் ஊர். தனக்கென்று பைண்டிங் போட்ட பிரதியையும் எடுத்து வந்திருந்தாள். ஸ்வீட்டைக் கொடுத்துவிட்டு, "அந்தம்மாவுக்குப் போன் பண்ணணும். தனியாப் பண்ணத் தைரியம் இல்ல" என்றாள். ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் மீன் ஏலம் விடுகிற கூச்சல்.

"சிஸ்டர்! பாஸாயிட்டீங்களா? ஸ்தோத்திரம்! இங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன், நம்ம பேச்சு காலேஜு புத்தகத்துல இருக்குன்னு. எங்க வீட்டுக்காரருக்குத்தான் ரொம்பப் பெருமை. எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேக்குறாரு."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "நான் பேசட்டுமா?" என்று சைகை காட்டினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"இல்லம்மா. புத்தகத்துல இல்ல. எடுத்துட்டேன். நான்தான் எடுத்தேன்."

ஏலக் கூச்சல் குறைந்தது, போனோடு தள்ளி வந்துவிட்டார் போலிருக்கிறது.

"ஏன் சிஸ்டர், நான் பொய்யா சொன்னேன்?"

"இல்லம்மா. யாரு சொன்னதுன்னு கேட்டாங்க. எனக்கு... சொல்ல முடியல."

"சரி சிஸ்டர். ஏலம் நடக்குது. வச்சிர்றேன்."

தங்கச்சி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் வந்தார், "அப்புறம் வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பையிலிருந்து தன் பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தாள். "பதிவு ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்குல்லக்கா, போடுங்க" என்றாள். போட்டேன். ஐஸ் பிளான்ட் இரைந்தது. பெரியம்மா சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்தக் குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தச் சொல்லி, அந்தம்மா பேசியது பேசியபடியே பக்கத்து ஓரத்தில் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். முதலில், 'ஜெகதாப்பட்டினத்துப் பெண் ஒருவர் என்னிடம் சொன்னது' என்று எழுதிக் கோடு போட்டாள்.

கல்லூரி நூலகத்தில் இருக்கிற பிரதியில் இது கிடையாது. படிக்க வருகிறவர்கள் அதைத்தான் படிப்பார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. நிறுத்துவதும் ஓட்டுவதுமாக இருந்தேன்.

ஓரத்தில் இடம் போதவில்லை. புத்தகத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்துக்கொண்டு, மேலே இருந்த வெள்ளைப் பகுதியில் தொடர்ந்து எழுதினாள்.